டுவைட் ஹோவர்டுக்காக பைனமைக் குடுத்தது லேக்கர்ஸ் பண்ண தப்பா?

கேட்டிருந்த கேள்வி இதுதான்: 2012ல லாஸ் ஏஞ்சலஸ் டீம் லேக்கர்ஸ் ஆண்ட்ரூ பைனமை விட்டுட்டு டுவைட் ஹோவர்ட எடுத்தது என்பிஏ (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) வரலாத்துலயே மோசமான ட்ரேட்னு (டீம்கள் பிளேயரை மாத்திக்கறது) ரூம்மேட் சொல்றான், நான் இல்லங்கிறேன், யாரு சரி, பொதுவாவே ஒரு சூப்பர்ஸ்டார் சென்டருக்காக (கூடைக்குப் பக்கத்துல ஆடற உயரமான பிளேயர்) டீமைக் கலைக்கலாமா?

உங்க ரூம்மேட் சொல்றது தப்பு ப்ரோ. ஆனா "டுவைட் பைனமை விட நல்ல பிளேயர், அதனால ட்ரேட் சரி"ன்னு நீங்க வாதாடிட்டிருந்தா அதுவும் பாதி தப்புதான். ஒரு பக்கம் டுவைட்டோட பாயிண்ட், ரீபவுண்ட் (கூடைல விழாம திரும்பற பந்தைப் புடிக்கறது), இன்னொரு பக்கம் பைனமோட பாயிண்ட், ரீபவுண்ட், எது பெருசோ அது லாபம்னு முடிச்சிடறோம். ஒரு வீடு பாக்கப் போனா முதல்ல என்ன கேப்போம், இது வாடகையா, ஒத்தியா, கிரயமான்னுதானே? அதைக் கேக்காம "ஹால் பெருசா இருக்கு"ன்னு அட்வான்ஸ் குடுத்துட்டு வர ஆளு யாராவது உண்டா? சென்டர் ட்ரேட்ல டீமை நடத்தற பெரிய பெரிய ஜிஎம்மே (ஜெனரல் மேனேஜர்) அப்படிக் குடுத்துட்டு வந்திருக்காங்க.

அந்தக் கோடைல நிலவரம் என்னன்னு கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கலாம். டுவைட்டுக்கு வயசு 26, 2009, 2010, 2011னு தொடர்ச்சியா மூணு வருஷம் சிறந்த டிஃபென்ஸ் பிளேயர் விருது. 2009ல தன்னோட டீம் ஆர்லாண்டோவை தனியாளா தூக்கிட்டு ஃபைனல்ஸ் வரைக்கும் போனாரு, அங்க அவங்கள 4-1ல அடிச்சதே லேக்கர்ஸ்தான். 2011-12 சீசன்ல ஒரு கேமுக்கு சராசரி 20.6 பாயிண்ட், 14.5 ரீபவுண்ட். ஆனா மனசு ஆர்லாண்டோவுல இல்ல, போறேன் போகலன்னு ஒரு வருஷமா இழுத்தாரு. மார்ச் மாசம் ட்ரேட் கெடு முடியற அன்னிக்கு "நான் இன்னும் ஒரு வருஷம் இருக்கேன்"னு கையெழுத்துப் போட்டாரு, எல்லாரும் பிரச்சனை தீந்துச்சுன்னு நினைச்சாங்க.

மூணே வாரம். ஏப்ரல் 5ஆம் தேதி காலைல கோச் ஸ்டான் வான் கண்டி கையில டயட் பெப்சியோட ரிப்போர்ட்டர்ங்க முன்னாடி நிக்கறாரு. டுவைட் உங்களத் தூக்கச் சொன்னாராமே உண்மையான்னு கேக்கறாங்க, மனுஷன் மழுப்பவே இல்ல, ஆமா, மேனேஜ்மென்ட்லயே எனக்குச் சொல்லிட்டாங்கன்னு போட்டு உடைச்சிட்டாரு. அந்த நேரம் பாத்து டுவைட் சிரிச்சிட்டே வந்து அவர் தோள்ல கையப் போட்டுக்கிட்டு நிக்கறாரு, பேசிட்டிருக்கறது தன்னப் பத்தின்னு தெரியாம. வான் கண்டி பெப்சிய ஒரு மடக்கு குடிச்சிட்டு நகந்துட்டாரு, டுவைட் அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லன்னு சமாளிச்சிட்டிருந்தாரு. அந்த வீடியோவை இப்பப் பாத்தாலும் நமக்கே கூச்சமா இருக்கும். லேக்கர்ஸ் ஆளுங்களும் அதப் பாத்திருப்பாங்க இல்ல? அதாவது இந்த ஆளுக்கு ஒரு இடத்துல மனசு ஒட்டலன்னா என்ன ஆகும்னு ட்ரேடுக்கு முன்னாடியே ஊருக்கே தெரியும்.

அதுக்கடுத்த ரெண்டு வாரத்துல முதுகுல டிஸ்க் விலகி ஆபரேஷன். பிளேஆஃப் (சீசன் கடைசி நாக்அவுட் சுற்று) போச்சு, லண்டன் ஒலிம்பிக்ஸும் போச்சு. ஆக ஆகஸ்ட் 10ஆம் தேதி ட்ரேட் முடிஞ்சப்போ லேக்கர்ஸ் வாங்கினது முதுகு ஆபரேஷன் ஆகி நாலு மாசம்கூட ஆகாத ஒரு சென்டரை. குதிச்சு குதிச்சு ரிம்முக்கு மேல ஷாட்டைத் தட்டி விடறதுதான் அவர் பொழப்பே. கார்டுக்கு (வெளிய நின்னு ஆடற பிளேயர்) முதுகு போனா ஷூட் பண்ணி சமாளிக்கலாம், டுவைட்டுக்கு ஜம்ப் போனா என்ன மிச்சம்?

இப்ப பைனம் பக்கம் வாங்க. வயசு 24, அந்த வருஷம்தான் முதல் ஆல் ஸ்டார், 18.7 பாயிண்ட், 11.8 ரீபவுண்ட். ஏப்ரல்ல சான் அன்டோனியோ போய் ஒரே கேம்ல 30 ரீபவுண்ட் புடிச்சாரு, பிளேஆஃப்ல டென்வர் கூட முதல் கேம்லயே 10 பிளாக் போட்டு ட்ரிபிள் டபுள் (மூணு கணக்குல ரெட்டை இலக்கம்). போஸ்ட்ல (கூடைக்குப் பக்கத்துல, கூடைக்கு முதுகு காட்டி) பந்த வாங்கி திரும்பி ஸ்கோர் பண்றதுல டுவைட்ட விட பைனம் கை மென்மையான கை, ஃப்ரீ த்ரோவும் பரவால்ல. அதே ஆளு கோல்டன் ஸ்டேட் கூட திடீர்னு தேவையே இல்லாம ஒரு த்ரீ பாயிண்டர் தூக்கிப் போட்டு பெஞ்ச்ல உக்காந்தாரு, அதுவும் நடந்துச்சு. ஆனா முட்டி... 2008ல இடது முட்டி, 2009ல வலது முட்டி, 2010 பிளேஆஃப்ல கிழிஞ்ச முட்டியோடவே ஆடினாரு. இந்த முட்டியெல்லாம் லேக்கர்ஸ் டாக்டருங்க கையாலயே பாத்த முட்டி.

இன்னொண்ணு, இத யாரும் பேசறதில்ல. ரெண்டு பேர் காண்ட்ராக்ட்டும் 2013 கோடைலயே முடியுது. அதாவது லேக்கர்ஸ் கிரய வீட்ட வித்துட்டு வாடகைக்குப் போகல, ஒரு வாடகை வீட்ட விட்டு இன்னொரு வாடகை வீட்டுக்கு மாறினாங்க. அவங்க முன்னாடி இருந்த சாய்ஸே ஒரு வருஷத்துக்கு முட்டி வேணுமா முதுகு வேணுமாங்கறதுதான். இத மனசுல வச்சுக்கிட்டுப் பாத்தா ட்ரேட் பண்ணது சரின்னு உடனே தெரியும், ஏன்னா பைனம் இந்த நாலு டீம் ட்ரேட்ல ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய் ஒரு கேம்கூட ஆடல. நவம்பர்ல பவுலிங் ஆடப் போய் இடது முட்டி இன்னும் மோசமாச்சு, மார்ச்ல ரெண்டு முட்டியும் ஆபரேஷன், அப்புறம் கிளீவ்லாண்ட்ல 24 கேம், இந்தியானாவுல 2 கேம், அவ்ளோதான், கேரியரே முடிஞ்சிருச்சு. பைனமைத் தவிர லேக்கர்ஸ் கூடுதலா குடுத்தது ஜோஷ் மெக்ராபர்ட்ஸ், எயங்கா, நிபந்தனையோட ரெண்டு பிக் (டிராஃப்ட்ல புதுப் பிளேயரை எடுக்கற உரிமை), அவ்ளோதான். வரலாத்துலயே மோசமான ட்ரேட்னா இதுவா?

சரி, அப்ப எங்க சொதப்பல்? சம்பள விதில. 2011 லாக்கவுட்டுக்கு (முதலாளிங்க லீக்கையே நிறுத்தி வச்ச சம்பளத் தகராறு) அப்புறம் வந்த ஒப்பந்தத்துல ஒரு பிளேயர் நடுவுல காண்ட்ராக்ட்ட நீட்டிச்சா மொத்தமே நாலு வருஷம்தான் கிடைக்கும், முடிய விட்டுட்டு ஃப்ரீ ஏஜென்ட் ஆனா சொந்த டீம்கிட்டயே அஞ்சு வருஷம் வாங்கலாம். அதனால டுவைட்டுக்கு லேக்கர்ஸ் மேல உயிரா இருந்தாலும் வந்த உடனே கையெழுத்துப் போட மாட்டாரு, போட்டா பைத்தியம். லேக்கர்ஸோட நம்பிக்கை என்னன்னா பேர்ட் ரைட்ஸ் (சொந்த பிளேயரை சம்பள வரம்பைத் தாண்டியும் நிறுத்திக்கற உரிமை) நம்ம கையில இருக்கு, நாம 5 வருஷம் 118 மில்லியன் டாலர் தர முடியும், மத்தவன் 4 வருஷம் 88 மில்லியன்தான் தர முடியும், 30 மில்லியனை எவன் விட்டுட்டுப் போவான்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த அஞ்சாவது வருஷ சம்பளத்த வேற டீம்லயும் எப்படியும் சம்பாதிக்கப் போறாரு, அதோட கலிஃபோர்னியாவுல பெரிய வருமானத்துக்கு மாநில வரியே 13.3 சதவீதம் வரைக்கும், டெக்சஸ்ல மாநில வருமான வரியே கிடையாது. இதெல்லாம் கழிச்சா அந்த 30 மில்லியன் பூட்டு அவ்ளோ பலமான பூட்டு இல்ல.

அப்ப ஆள நிறுத்தி வைக்கப் போறது பணம் இல்ல, அந்த ஒரு சீசன் அவருக்கு எப்படிப் போகுதுங்கறது. அந்த ஒரு சீசன் எப்படிப் போச்சு தெரியுமா? ஃபீனிக்ஸ்லேருந்து 38 வயசு ஸ்டீவ் நாஷுக்கு ரெண்டு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தாங்க, ரெண்டாவது கேம்லயே போர்ட்லாண்ட்ல கால் எலும்பு முறிஞ்சது. அஞ்சு கேம்ல நாலு தோத்ததும் கோச் மைக் பிரவுனத் தூக்கியாச்சு. வந்தது மைக் டி'அன்டோனி, பிக் அண்ட் ரோல் (ஒருத்தர் தடுக்கறவனை மறிச்சு நின்னுட்டு உடனே கூடைக்கு ஓடி பந்த வாங்கறது) கோச். உலகத்துலயே பிக் அண்ட் ரோல்ல ரோல் பண்றதுக்குன்னே பொறந்த உடம்பு டுவைட்டோடது, ஆனா அவருக்கு ஆச என்னன்னா போஸ்ட்ல பந்து வேணும். பழைய ஜாம்பவான் ஹக்கீம் ஒலஜுவான் மாதிரி ஆடணும்னு நெனப்பு, கை அதுக்கு ஒத்துழைக்கல. நடுவுல பாவ் கசோல், உலகத் தரமான போஸ்ட் பிளேயர், அவர த்ரீ பாயிண்ட் லைன் பக்கம் நிக்க வச்சாங்க. ஜனவரில டுவைட்டுக்கு வலது தோள்பட்டைல கிழிசல் வேற.

மார்ச் 12 ஆர்லாண்டோ கேமை நான் விடியக்காலைல அலாரம் வச்சு எந்திரிச்சுப் பாத்தேன், ட்ரேடுக்கு அப்புறம் முதல் தடவை பழைய ஊருக்குப் போறாரு, அரங்கம் முழுக்க ஊளை. ஆர்லாண்டோகாரங்க வேணும்னே ஃபவுல் பண்ணி ஃப்ரீ த்ரோ லைனுக்கு அனுப்பிட்டே இருந்தாங்க, ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, மொத்தம் 39 ஃப்ரீ த்ரோ! தன்னோட சொந்த ரெக்கார்டையே சமன் பண்ணாரு. அந்த வருஷம் பூரா 49.2 சதவீதம் போட்ட ஆளு அன்னிக்கு 25 போட்டாரு, 39 பாயிண்ட், 16 ரீபவுண்ட், லேக்கர்ஸ் ஜெயிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் லைன்ல நின்னு பந்த உருட்டி, மூச்ச இழுத்து விட்டு, முழங்கைய நேராக்கி, கீழருந்து கூட்டம் கத்த... டீவில பாத்துட்டிருந்த எனக்கே கை வேர்த்துச்சு. அன்னிக்கு ஒரு ராத்திரி பாத்தா இந்த ட்ரேட் வெற்றின்னு எழுதிக் குடுத்திருப்பேன்.

அதுல பொய்யும் இல்ல. ஜனவரில 17-25ன்னு கெடந்த டீம் மிச்சக் கேம்ல 28-12 ஆடி 45-37ல முடிச்சாங்க. டுவைட் பாதி முதுகு, பாதி தோளோட 76 கேம் ஆடி 12.4 ரீபவுண்ட், லீக்லயே முதல் இடம். இத "மோசமான சீசன்"னு சொல்றது எதிர்பார்ப்பு கிளப்பின கோபத்துல சொல்றது. ஆனா அந்த பிளேஆஃப் இடத்துக்காக லேக்கர்ஸோட நட்சத்திரம் கோபி பிரையன்ட் கிட்டத்தட்ட ஒவ்வொரு நிமிஷமும் ஆடி, ஏப்ரல் 12ஆம் தேதி அக்கிலீஸ் (குதிகால் தசைநார்) அறுந்துச்சு. பிளேஆஃப்ல ஸ்பர்ஸ் 4-0. கடைசிக் கேம் மூணாவது குவார்ட்டர்ல டுவைட் ரெண்டாவது டெக்னிக்கல் ஃபவுல் வாங்கி வெளிய போனாரு, கொஞ்ச நேரத்துல கோபி ஊன்றுகோலோட பெஞ்சுக்கு வந்தாரு. லாஸ் ஏஞ்சலஸ் நடுத்தெருவுல "இரு"ன்னு பெரிய பேனர் வச்சுக் கெஞ்சினாங்க டுவைட்ட, லேக்கர்ஸ் யாருக்கும் அப்படிக் கெஞ்சினதே இல்ல, பாக்கவே சங்கடமா இருந்துச்சு. ஜூலைல ஹூஸ்டனுக்குப் போயிட்டாரு, அதே 88 மில்லியனுக்கு.

நாலு டீம் ட்ரேட் இது, மத்த மூணு பேருக்கு என்ன ஆச்சுன்னு பாக்காம தீர்ப்பு சொல்லக்கூடாது. டென்வருக்கு இகுவடாலா கிடைச்சாரு, 57 ஜெயிச்சாங்க, முதல் ரவுண்டுலயே கோல்டன் ஸ்டேட் கிட்ட தோத்தாங்க, ஆளு அடுத்த கோடைல அந்த கோல்டன் ஸ்டேட்டுக்கே போயி 2015ல ஃபைனல்ஸ் எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்). ஃபிலடெல்ஃபியா இகுவடாலா, வூச்செவிச், ஹார்க்லெஸ், ஒரு பிக் எல்லாத்தையும் குடுத்து வாங்கினது பைனமோட ரெண்டு முட்டி. மோசமான ட்ரேட்னு ஒண்ணு தேடறீங்கன்னா ரூம்மேட்டை அந்தப் பக்கம் அனுப்புங்க.

அன்னிக்கு எல்லாரும் சிரிச்சது ஆர்லாண்டோவைப் பாத்துதான். புரூக்ளின் புரூக் லோபஸையும் பிக்குகளையும் நீட்டுச்சு, அத விட்டுட்டு பேர் தெரியாத பசங்கள வாங்கிட்டு வந்துட்டாங்களேன்னு. அந்தப் பேர் தெரியாத பசங்கள்ல ஒருத்தர் நிகோலா வூச்செவிச், டிசம்பர் 31ஆம் தேதி மியாமி கூட 29 ரீபவுண்ட் புடிச்சு ஆர்லாண்டோ கிளப் ரெக்கார்ட உடைச்சாரு, டுவைட்டும் ஷாக்கும் (ஷாகில் ஓ'நீல்) ஆடின கிளப்பு அது! அப்புறம் ரெண்டு தடவை ஆல் ஸ்டார். 2021ல அவர சிகாகோவுக்கு வித்து வெண்டெல் கார்டரும் ரெண்டு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக்கும் வாங்கினாங்க, அதுல ஒண்ணுதான் ஃப்ரான்ஸ் வாக்னர். அதாவது டுவைட்ட வித்த காசுல வாங்கின சொத்து ஒன்பது வருஷம் கழிச்சும் வட்டி குட்டி போட்டுட்டிருந்துச்சு. நடுவுல 20-62ன்னு கேவலமான சீசன், ஆறு வருஷம் பிளேஆஃப் பக்கமே போகல, அந்த வலியும் உண்மைதான். ரசிகனுக்கு ஆறு வருஷம்ங்கறது பள்ளிக்கூடம் போற பையன் காலேஜ் முடிக்கற காலம்.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி, பொதுவா பண்ணலாமா. பழைய கணக்கெல்லாம் எடுத்துப் பாத்தா எனக்குத் தெரியற விஷயம், சென்டர வாங்கின அன்னிக்கு யாரும் ஜெயிக்கறதில்ல, அவனுக்குப் பந்து குடுக்கற ஆள் சரியா அமைஞ்ச அன்னிக்குதான் ஜெயிக்கறாங்க. 1975ல கரீம் அப்துல் ஜப்பாரை மில்வாக்கிலேருந்து லேக்கர்ஸ் நாலு பேரக் குடுத்து எடுத்தாங்க, அதுக்கப்புறம் நாலு வருஷம் கோப்பையே இல்ல, கரீம் எம்விபி எம்விபியா வாங்கிட்டிருந்தாரு. 1979ல மேஜிக் ஜான்சன் வந்தாரு, 1980லேருந்து அஞ்சு கோப்பை. கிரயத்துக்கு வாங்கின வீடுங்கறதால நாலு வருஷம் காத்திருக்க முடிஞ்சுது, டுவைட்டுக்கு அந்த டைமே இல்ல. 2004ல மியாமி ஷாக்குக்காக லமார் ஓடம், கரோன் பட்லர், பிரையன் கிராண்ட், கூட பிக்கும் குடுத்தாங்க, அப்ப ஷாக்குக்கு 32 வயசு. அடுத்த வருஷமே 5 வருஷம் 100 மில்லியன் எழுதி நிறுத்திக்கிட்டாங்க, 2006ல கோப்பை, ஃபைனல்ஸ் எம்விபி டுவெய்ன் வேட். 2008ல ஷாக்க ஃபீனிக்ஸுக்கு அனுப்பிட்டாங்க, கடைசி வருஷங்கள்ல உடம்பு இறங்கிருச்சு, ஆனா கோப்பை ஷெல்ஃப்ல இருக்கு. கேலி பண்றவங்க யாரும் அத எடுத்துட்டுப் போக முடியாது. வேடிக்கை என்னன்னா அப்ப வந்த ஓடம் லேக்கர்ஸ்ல 2009, 2010 ரெண்டு கோப்பையிலயும் இருந்தாரு.

யூட்டாவோட சென்டர் ரூடி கோபேர் ட்ரேட் இதுக்கு நல்ல உதாரணம். 2022 ஜூலைல மினசோட்டா அஞ்சு பிளேயர், நாலு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக், ஒரு பிக் ஸ்வாப் (பிக்கை மாத்திக்கற உரிமை) குடுத்தாங்க, நானும் சிரிச்சேன், வாய் விட்டே சிரிச்சேன். முதல் வருஷம் 42-40, முதல் ரவுண்டுல காலி. ஆனா அதே சீசன் நடுவுல மைக் கான்லியக் கூட்டிட்டு வந்தாங்க, யூட்டாவுல கோபேருக்கு வருஷக்கணக்கா லாப் (கூடைகிட்ட உயரமா தூக்கிப் போடற பாஸ்) போட்டுப் பழகின கை. எந்த உயரத்துல, எந்த நொடில தூக்கிப் போடணும்னு கான்லிக்குத் தெரியும், மத்தவங்க கோபேர் முழங்கால்கிட்ட பந்தப் போட்டுட்டு அவர் கை சரியில்லம்பாங்க. அடுத்த வருஷம் 56-26, லீக்லயே நம்பர் ஒன் டிஃபென்ஸ், கோபேருக்கு நாலாவது சிறந்த டிஃபென்ஸ் பிளேயர் விருது, டென்வர ஏழாவது கேம்ல 20 பாயிண்ட் பின்னாடியிருந்து ஜெயிச்சு வெஸ்ட் ஃபைனல்ஸ். அதுக்கடுத்த வருஷமும் வெஸ்ட் ஃபைனல்ஸ். கோப்பை வரல, விலை அதிகம்தான், இன்னிக்கும் நான் அத்தனை பிக் குடுக்க மாட்டேன். ஆனா காண்ட்ராக்ட் கையில இருந்துச்சு, 2020லயே 5 வருஷம் 205 மில்லியன் போட்டு வச்சது, முதல் வருஷம் சொதப்பினாலும் ஆளு எங்கயும் ஓட முடியாது. சரி பண்ண டைம் இருந்துச்சு.

அதனால நான் ஜிஎம்மா இருந்தா 2012ல அந்த ட்ரேட்ட கண்ண மூடிக்கிட்டுப் பண்ணுவேன், ஆனா நாஷுக்கு ரெண்டு பிக் குடுக்க மாட்டேன், கோச்ச அஞ்சாவது கேம்ல மாத்தறதா இருந்தா கோடைலயே மாத்தியிருப்பேன், மாத்தற முன்னாடி டுவைட்டயும் கோபியையும் ஒரே டேபிள்ல உக்கார வச்சு பந்து யாருக்கு எங்க போகும்னு முகத்துக்கு நேரா பேசியிருப்பேன். அப்பவும் போயிருப்பாரான்னா போயிருக்கலாம், கோபி மாதிரி ஒருத்தரோட ஒரே ரூம்ல இருக்கறது எல்லாருக்கும் ஒத்து வராது, அதுக்கு டுவைட்ட மட்டும் குத்தம் சொல்றதும் நியாயமில்ல.

டுவைட் 2019 ஆகஸ்ட்ல மறுபடியும் லேக்கர்ஸ் வந்தாரு, மினிமம் சம்பளத்துக்கு, அதுவும் கேரண்டி இல்லாத காண்ட்ராக்ட்ல. போஸ்ட்ல பந்து வேணும்னு ஒரு வார்த்தை கேக்கல. ஸ்க்ரீன் போட்டாரு, ரோல் பண்ணாரு, டென்வர் சீரிஸ்ல அவங்க சென்டர் யோகிச்சோட உடம்போட உடம்பு மோதி எரிச்சல் பண்ணாரு, 2020 அக்டோபர்ல கோப்பை வாங்கினாரு. பதிலுக்கு லேக்கர்ஸ் யாரையும் குடுக்கல, ஒரு செகண்ட் ரவுண்ட் பிக்கூட.